யாருடைய பாதுகாப்பு? யார் கொடுக்கும் உபகாரச் சம்பளம்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை செஞ்சிக் கோட்டைக்குப் போகிற பாதையில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து சங்கக் கூட்டத்துக்கு நோட்டீஸ் எழுதிக்கொண்டிருந்தேன். நம் விவசாயத் தொழிலாளர் சங்கத் தோழர் ஒருவர் தம் மகளை அழைத்துக்கொண்டு வந்தார். பெண் எம்.ஏ. தேறியவள். அந்தக் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பைத் தாண்டியவள் அவள் ஒருத்திதான். கையில் அச்சடித்த நாலு தாள் இருந்தது.

"மாமா, இதைக் கொஞ்சம் பாருங்க. போடலாமா வேணாமான்னு அப்பா உங்களைக் கேக்கச் சொன்னாரு" என்றாள்.

தோழருக்கு வேறு சந்தேகம். "செக்யூரிட்டி ஆராய்ச்சின்னு சொல்றா தோழர். திருப்பூர் மில்லு கேட்டுல தொப்பி போட்டுக்கினு நிக்கிறானே, அந்த செக்யூரிட்டியா? அதுக்கு எதுக்கு எம்.ஏ.?" என்று கேட்டார். பெண் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் தோழர் கேட்டதில் விஷயம் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

அந்தத் தாள் ஒரு விளம்பரம். தெற்காசிய நாடுகளின் பாதுகாப்புக் கொள்கை பற்றி ஆராய்ச்சி செய்ய இளைஞர்களுக்கு உபகாரச் சம்பளம் தருகிறோம், சில மாதம் அமெரிக்கத் தலைநகரில் வந்து இருக்கலாம், தங்கவும் சாப்பிடவும் செலவு எங்களுடையது, கட்டுரை எழுதித் தர வேண்டும் என்பது அதன் சாரம். இந்தியா, பாகிஸ்தான், அணுகுண்டு, எல்லைத் தகராறு, சீனா, இந்துமகா சமுத்திரம் ஆகியவைதான் ஆராயவேண்டிய விஷயங்கள். நான் மெட்ரிக்குலேஷனோடு நின்றவன். அந்த ஆங்கிலத்தை முழுக்கப் படித்து முடிக்க இரண்டு டீ ஆயிற்று.

இதையெல்லாம் எதற்கு ஆலைத் தொழிலாளிக்கும் கூலி விவசாயிக்கும் சொல்ல வேண்டும் என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். சொல்லத்தான் வேண்டும். நாளைக்கு டில்லியில் யுத்தமா சமாதானமா என்று மந்திரிகள் உட்கார்ந்து பேசும்போது, அவர்கள் கையில் இருக்கும் குறிப்பை எழுதுகிறவர்கள் இப்படிப்பட்ட படிப்புப் படித்தவர்கள்தான். பத்திரிகையில் கட்டுரை எழுதுகிறவனும், தொலைக்காட்சியில் வந்து "அடி, விடாதே" என்று கத்துகிறவனும் அவர்களில் இருந்தே வருகிறார்கள். "அடிப்பதற்கு முன் யோசி" என்று சொல்கிற ஒன்றிரண்டு பேரும் அங்கிருந்துதான் வருகிறார்கள். யுத்தம் வந்தால் சாகிறவன் சிப்பாய், அதாவது நம் வீட்டுப் பிள்ளை. 2025 மே 7 முதல் 10 வரை நாலு நாள் இந்தியாவும் பாகிஸ்தானும் ஏவுகணைகளாலும் ஆளில்லா விமானங்களாலும் அடித்துக்கொண்டன. அதற்கு முன் ஏப்ரல் 22ல் பஹல்காமில் 26 பேரைப் பயங்கரவாதிகள் சுட்டுக் கொன்றார்கள். இரண்டு நாட்டிடமும் அணுகுண்டு இருக்கிறது. 2025 தொடக்கத்தில் இந்தியாவிடம் சுமார் 180, பாகிஸ்தானிடம் சுமார் 170 என்று ஸ்டாக்ஹோம் சமாதான ஆராய்ச்சி நிலையம் கணக்குச் சொல்லியது. அந்த நாலு நாளும் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருந்தோம். நமக்கு அதில் பேச ஆள் இல்லை.

சரி, காசு யார் கொடுக்கிறான்? தொழிற்சங்கத்தில் இருப்பவனுக்கு முதலில் வரும் கேள்வி இதுதானே!

வாஷிங்டனில் இந்த வேலையைச் செய்கிற ஸ்தாபனங்களில் பெயர் பெற்றது ஸ்டிம்சன் மையம். 1989ல் ஏற்பட்டது. 2013ல் தெற்காசிய இளம் எழுத்தாளர்களுக்கென்று ஒரு மேடை துவக்கி, இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் இளம் ஆராய்ச்சியாளர்களை வரவழைத்து வைத்துக்கொண்டது. அதன் தெற்காசிய வேலைக்குப் பணம் கொடுத்தவர்களில் கார்னிகி தர்ம நிதி, மெக்கார்தர் தர்ம நிதி ஆகியவற்றோடு அமெரிக்க சர்க்காரின் தேசிய அணுசக்திப் பாதுகாப்பு நிர்வாகமும் உண்டு. அந்த நிர்வாகத்தின் முக்கிய வேலை என்ன தெரியுமா? அமெரிக்காவின் அணுகுண்டுகளைப் பராமரிப்பது! தன் வீட்டில் ஆயிரக்கணக்கில் குண்டு வைத்திருப்பவன், அடுத்த தெருக்காரர்கள் குண்டு வைத்திருப்பதன் அபாயத்தை ஆராயப் பணம் கொடுக்கிறான்.

மையத்தின் பெயரையும் பாருங்கள். ஹென்றி ஸ்டிம்சன் என்பவர் 1940 முதல் 1945 வரை அமெரிக்காவின் யுத்த மந்திரி. ஹிரோஷிமாவில் விழுந்த குண்டைத் தயாரித்த வேலை அவர் பொறுப்பில் நடந்தது. கியோட்டோ நகரத்தைக் குறிப் பட்டியலிலிருந்து அடித்தவரும் அவரே. அதே 1945 செப்டம்பரில், அணுகுண்டு விஷயத்தில் சோவியத் யூனியனோடு நேரடியாகப் பேசி ஓர் ஏற்பாட்டுக்கு வரவேண்டும் என்று ட்ரூமனுக்கு எழுதியவரும் அவரே. அந்தப் பேச்சு எடுபடவில்லை. மனிதர்கள் நாம் நினைப்பதுபோல ஒரே நிறத்தில் இருப்பதில்லை. அதனால் இதையும் எழுதுகிறேன்.

இந்த மாதிரிப் பணத்துக்கு ஒரு பூர்வ சரித்திரம் உண்டு. பழைய தோழர்களுக்கு நினைவிருக்கும். 1956ல் அமெரிக்காவோடு பி.எல். 480 ஒப்பந்தம் போட்டு நம் சர்க்கார் கோதுமை வாங்கியது. அதற்கான விலையை ரூபாயாகவே இங்கே அமெரிக்காவின் கணக்கில் கட்டினார்கள். ரேஷன் கடை வரிசையில் நின்று வாங்கிய கோதுமையின் காசு அது. அந்த ரூபாயில் ஒரு பங்கு, அமெரிக்கப் பண்டிதர்கள் இங்கே வந்து நம்மைப் பற்றி ஆராயச் செலவாயிற்று. 1961ல் ஏற்பட்ட அமெரிக்க இந்திய ஆராய்ச்சி நிலையம் அந்தப் பணத்தில்தான் வேரூன்றியது. அதில் வந்தவர்கள் எல்லாம் ஒற்றர்கள் என்று நான் சொல்லமாட்டேன். சங்க இலக்கியம் படித்தவரும் கோயில் சிற்பம் படித்தவரும் அவர்களில் இருந்தார்கள், நல்ல நூல்கள் எழுதினார்கள். ஆனால் வேறு கதையும் உண்டு. கலாசாரச் சுதந்திரக் காங்கிரஸ் என்ற பெயரில் உலகமெங்கும் பத்திரிகை நடத்திய ஸ்தாபனத்துக்குப் பணம் கொடுத்தது அமெரிக்க உளவுத் துறை என்பது 1966, 1967ல் அம்பலமாயிற்று. ஆசியா பவுண்டேஷனும் 1967ல் அந்தப் பணம் வந்ததை ஒப்புக்கொண்டது. அடுத்த வருஷம் இந்தியாவை விட்டு வெளியேற வேண்டி வந்தது. இமயமலை எல்லை நாடுகளைப் பற்றி ஆராய்கிறோம் என்று கலிபோர்னியாவின் பெர்க்லி சர்வகலாசாலை ஒரு திட்டம் போட்டது. பணம் அமெரிக்க ராணுவ இலாகாவுடையது என்பது 1968ல் வெளியே வந்ததும் அந்தத் திட்டத்தை மூட்டை கட்டினார்கள். மலைக்கணவாயை அளக்கிறவன் கையில் இருப்பது பேனாவா தூரதர்சினியா என்று அன்று கேட்டவர்களை யாரும் குற்றம் சொல்ல முடியாது.

இதோடு நிறுத்தி, "ஏகாதிபத்தியப் பணம், தொடாதே!" என்று அந்தப் பெண்ணை அனுப்பியிருக்கலாம். இருபது வருஷத்துக்கு முன் நான் அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஆனால் நம் தமிழ்நாட்டு விஷயம் ஒன்று நினைவுக்கு வந்து குறுக்கே நின்றது.

திருச்சியில் 1929ல் பிறந்தவர் கே. சுப்ரமணியம். சென்னை மாநிலக் கல்லூரியில் ரசாயனம் படித்து ஐ.ஏ.எஸ். ஆனவர். 1966ல் ராக்பெல்லர் உபகாரச் சம்பளத்தில் லண்டன் பொருளாதாரப் பள்ளிக்குப் போய் யுத்த தந்திரம் படித்தார். திரும்பி வந்ததும், ராணுவ இலாகாவின் பணத்தில் 1965ல் டில்லியில் துவக்கியிருந்த பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்துக்கு 1968ல் தலைவரானார். 1999 கார்கில் யுத்தத்துக்குப் பிறகு அதை ஆராய்ந்த கமிட்டிக்கும் அவரே தலைவர். இன்று வெளிநாட்டு மந்திரியாக இருக்கும் ஜெய்சங்கர் அவருடைய மகன். ராக்பெல்லர் காசில் படித்தவர் ராக்பெல்லர் பாட்டைப் பாடினாரா? இல்லை. அமெரிக்கா கையெழுத்துப் போடச் சொன்ன அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தை வாழ்நாள் முழுவதும் எதிர்த்தார். இந்தியா குண்டு செய்யவேண்டும் என்று வாதாடினார். குண்டு விஷயத்தில் அவர் பக்கம் நான் இல்லை. 2008ல் அமெரிக்க அணு ஒப்பந்தத்தை எதிர்த்து இடதுசாரிகள் ஆதரவை விலக்கிக்கொண்டபோது, அவர் அந்த ஒப்பந்தத்துக்கு ஆதரவாக இருந்தார். ஆனால் ஒன்று தெளிவாகிறது. கொடுப்பவன் காசு போடுவதாலேயே வாங்குபவன் வாயில் வார்த்தை போட்டுவிட முடியாது. அதற்கு வேறு ஏதோ தேவைப்படுகிறது.

அந்த வேறு ஏதோ என்ன? என் அபிப்பிராயத்தில், கேள்வியை யார் போடுகிறான் என்பது. பதிலை விலைக்கு வாங்குவது முட்டாள் முதலாளி செய்கிற வேலை. புத்திசாலி முதலாளி கேள்வியை மட்டும் வாங்கிக்கொள்வான். சம்பளக் கமிஷன் நடந்த மில்லில் வேலை செய்த தோழர்களுக்கு இது புரியும். "இவ்வளவு போனஸ் கொடுத்தால் கம்பெனி தாங்குமா?" என்று விசாரணையைத் துவக்கினால் முடிவு ஒரு மாதிரி வரும். "இவ்வளவு கூலியில் குடும்பம் தாங்குமா?" என்று துவக்கினால் வேறு மாதிரி வரும். இரண்டு விசாரணையிலும் உட்கார்ந்திருப்பவர் நேர்மையான மனிதராகவே இருக்கலாம்.

பாதுகாப்பு ஆராய்ச்சியிலும் இதுதான் கதை. எல்லை, ஏவுகணை, கடல் வழி, பெரிய வல்லரசுகள் என்று பட்டியல் போட்டுத்தான் விளம்பரம் வருகிறது. நம் விழுப்புரம் ஜில்லா ஜனங்களுக்குப் பாதுகாப்புப் போன நாள் எது? 2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை ஏறியது. நமக்குப் பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. அடுத்தடுத்து சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி வரை தண்ணீர் திறந்துவிட்டார்கள். இருட்டில் தென்பெண்ணை ஊருக்குள் வந்தது. ஆடு மாடு போயிற்று, நெல் போயிற்று. எந்த நாட்டு ராணுவமும் நம் ஜில்லாவில் ஒரே இரவில் இவ்வளவு நாசம் செய்ததில்லை. அணையைத் திறப்பதற்குமுன் கரை ஓரத்துக் குடிசைக்குச் சேதி போய்ச் சேருவது எப்படி என்பது பாதுகாப்பு ஆராய்ச்சி இல்லையா? தோழர் கேட்டாரே, மில் கேட்டில் நிற்கிறவனைப் பற்றி? பன்னிரண்டு மணி நேரம் நின்று முதலாளியின் பஞ்சு மூட்டையைக் காக்கிறவனுக்கு வைப்பு நிதி உண்டா என்று யாராவது ஆராய்ந்திருக்கிறார்களா? அவனும் செக்யூரிட்டிதான்!

செஞ்சிக்காரனுக்கு இந்த விஷயத்தில் பழைய அனுபவம் உண்டு. 1690ல் இந்தக் கோட்டையில் சிவாஜியின் மகன் ராஜாராம் இருந்தார். அவுரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் வந்து முற்றுகை போட்டு, எட்டு வருஷம் கழித்து 1698ல்தான் பிடித்தான். அதற்குள் ராஜாராம் தப்பிப் போய்விட்டார். முற்றுகைக்காரன் கூடாரத்திலும், உள்ளே இருந்தவன் களஞ்சியத்திலும் கொட்டியது யார் வீட்டு நெல் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதே 1690ல் கடலூருக்கு அருகே தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலக் கும்பினி மராட்டியரிடம் விலைக்கு வாங்கியது. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எட்டும் தூரம் வரை உள்ள நிலமும் சேர்த்து என்பது பேச்சு. விற்றவர்களுக்கு அது ஏதோ கொஞ்ச தூரம். கும்பினிக்காரனுக்குப் பீரங்கி சாஸ்திரம் தெரியும். நல்ல பீரங்கியாகப் பார்த்து, தேர்ந்த ஆளை வைத்து, நாலா பக்கமும் சுட்டான். கடலூர் ஊரே உள்ளே வந்துவிட்டது. குண்டு விழுந்த இடத்துக் கிராமங்களுக்குக் குண்டு கிராமங்கள் என்று பெயர் நிலைத்தது. அந்தக் கிராமத்து உழவனை ஒருவரும் கேட்கவில்லை. பீரங்கி எவ்வளவு தூரம் சுடும் என்று அவனுக்குத் தெரியவும் தெரியாது. அவன் பக்கத்தில் அந்தக் கணக்குத் தெரிந்தவன் ஒருவன் இருந்திருந்தால்?

2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டிய ராணுவக் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னம் என்று அறிவித்தது. தமிழ்நாட்டில் நம் செஞ்சி மட்டும் அதில் சேர்ந்தது. சந்தோஷம்தான். ஆனால் டூரிஸ்ட்டுக்குச் சுற்றிக் காட்டுகிறவர்கள் ராஜகிரியின் மதில் உயரத்தைச் சொல்கிறார்கள், கல் சுமந்தவனைச் சொல்வதில்லை.

ஆகவே இந்தப் படிப்பு நமக்கு வேண்டாம் என்பது தவறு. நம் பிள்ளைகளும் படிக்கவேண்டும். அப்படியானால் நம் சர்க்கார் காசிலேயே படிக்கலாமே, வாஷிங்டன் எதற்கு? நியாயமான கேள்வி. சர்வகலாசாலை மான்யக் கமிஷனின் நெட் பரீட்சையில் பாதுகாப்பு, யுத்த தந்திரம் ஒரு பாடம். தேறினால் ஆராய்ச்சி உபகாரச் சம்பளம் 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். 2025-26க்கு நூறு நாள் வேலையில் தமிழ்நாட்டுக்குப் போட்ட தினக் கூலி 336 ரூபாய். அதாவது ஒரு மாத உபகாரச் சம்பளம் 110 நாள் கூலி. நூறு நாளும் ஒழுங்காக வேலை கிடைத்தாலும் எட்டாத தொகை. அந்தப் பெண்ணுக்கு அது பெரிய வாழ்வு. ஆனால் அந்த வாசலில் கூட்டம் அதிகம், கதவு சின்னது. சிறுபான்மை மாணவர்களுக்கு இருந்த மௌலானா ஆசாத் ஆராய்ச்சி உபகாரச் சம்பளத்தை 2022 டிசம்பரில் நிறுத்திவிட்டார்கள். 2025-26 பட்ஜெட்டில் ராணுவத்துக்கு 6 லட்சத்து 81 ஆயிரம் கோடி. நூறு நாள் வேலைக்கு 86,000 கோடி. ஏறக்குறைய எட்டு மடங்கு. அந்தப் பணத்தில் ஒரு துளியை, "இந்தச் செலவு சரிதானா?" என்று கேட்கும் ஆராய்ச்சிக்கு ஒதுக்குவார்களா? டில்லியில் தனியார் ஆராய்ச்சி மன்றங்கள் இருக்கின்றன. 1990ல் துவக்கிய அப்சர்வர் மன்றம் ரிலையன்ஸ் பணத்தில் வளர்ந்தது. ராக்பெல்லர் வேண்டாம் என்று ஓடினால் அம்பானி வாசலில் போய் நிற்கவேண்டியிருக்கிறது.

வாஷிங்டன் வாசலும் நிலையில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2025 மார்ச்சில் டிரம்ப் சர்க்கார் அமெரிக்கச் சமாதான நிலையத்தைக் கைப்பற்றி ஊழியர்களை வெளியே அனுப்பியது. ஏப்ரலில் வில்சன் மையத்தைச் சுருக்கியது. ஜூனில் புல்பிரைட் உபகாரச் சம்பள போர்டின் அங்கத்தினர்கள், தேர்வில் சர்க்கார் தலையிடுகிறது என்று சொல்லி ஏறக்குறைய எல்லோரும் ராஜினாமாச் செய்தார்கள். கொடுக்கிறவன் கையை மடக்கினால் அவ்வளவுதான்.

இன்னொரு உண்மையையும் மறைக்கக்கூடாது. ஒரு லாகூர்ப் பையனும் ஒரு சென்னைப் பெண்ணும் ஒரே மேஜையில் உட்கார்ந்து "நம் இரண்டு நாடும் அடித்துக்கொள்ளாமல் இருப்பது எப்படி?" என்று பேச, லாகூரிலும் இடம் இல்லை, சென்னையிலும் இடம் இல்லை. விசா கிடையாது. ஆகவே மூன்றாவது ஊருக்குப் போகவேண்டியிருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் கொழும்பில் ஏற்பட்ட பிராந்திய யுத்த தந்திர ஆராய்ச்சி மையம் இந்தக் குறையைக் கொஞ்சம் தீர்த்தது. தெற்காசிய இளம் ஆராய்ச்சியாளர்களை அங்கே கூட்டி முகாம் நடத்தினார்கள். ஷெல்டன் கொடிகார என்ற இலங்கைப் பேராசிரியரின் பெயரில் உபகாரச் சம்பளமும் கொடுத்தார்கள். அதற்கும் போர்டு பவுண்டேஷன் பணம் வந்தது என்பது வேறு விஷயம். தெற்காசிய நாடுகள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, யாருக்கும் கட்டுப்படாத ஒரு நிதி வைத்தால் என்ன? ஒரு நாள் குண்டுவீச்சுக்கு ஆகும் செலவில் எத்தனையோ பிள்ளைகளைப் படிக்க வைக்கலாமே!

பெண்ணிடம் கேட்டேன்: "போய் எதைப் பற்றி எழுதப் போகிறாய்?"

"பாக் ஜலசந்தி மாமா" என்றாள். "எல்லாரும் கச்சத்தீவு 1974 ஒப்பந்தத்திலேயே நிக்கிறாங்க. நம்ம இழுவைப் படகு அடிமட்டத்தை வாரிட்டு வருதுன்னு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்துத் தமிழ் மீனவங்கதான் அழறாங்க. 2017ல இலங்கை அந்த வலையையே சட்டம் போட்டுத் தடுத்துடுச்சு. இங்க படகு முதலாளி கரையில இருக்கான். புடிபட்டு ஜெயிலுக்குப் போறவன் கூலிக்குப் போனவன். ரெண்டு பக்கத்துலயும் கூலிக்காரன் என்ன சொல்றான்னு யாரும் எழுதல. அத எழுதணும்."

நான் பேசாமல் இருந்தேன். இந்த விஷயத்தை நாமே நம் மேடையில் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. நம் மீனவன் அடிபடுகிறான் என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். அந்தப் பக்கத்து வலை கிழிந்ததைச் சொன்னால் கைதட்டல் குறையும்.

"போடு" என்றேன். "ஆனால் இதே கேள்வியைப் போடு. அவர்கள் பட்டியலில் இருப்பதற்குத் தக்கபடி மாற்றி எழுதாதே. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லட்டும்."

தோழருக்கு முழுத் திருப்தி இல்லை. "அமெரிக்காவுக்குப் போனா திரும்பி வருவாளா தோழர்?" என்று கேட்டார். அதற்கு நான் எப்படி ஜாமீன் கொடுப்பேன்? சென்னைக்குப் போன பிள்ளைகளே திரும்புவதில்லை. "அவளையே கேளுங்கள்" என்றேன். அவள் பதில் சொல்லாமல் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

மனுவுக்கு இரண்டு பேராசிரியர் கடிதம் வேண்டும். ஒருவர் கொடுத்துவிட்டார், இன்னொருவர் வெளியூர் போயிருக்கிறார். ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை வேண்டும். அதைத் திருத்தித் தர ஓர் உபாத்தியாயர் ஒப்புக்கொண்டிருக்கிறார். பாஸ்போர்ட் கிடையாது. அதற்குக் கட்டணம் 1,500 ரூபாய். போன கூட்டத்தில் துண்டு விரித்தோம், 1,140 சேர்ந்திருக்கிறது. மீதி 360 ரூபாயை வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் முடித்துவிட வேண்டும்.